ஈரப்பதக் கட்டம் காலி

போட்டி முடிய எழுபத்தொன்பது மணி நேரமும் நாவல் முடிய ஓர் அத்தியாயமும் பாக்கி இருந்தபோது, அம்மிணி மாமி இனி எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு மிளகு அரைக்கும் இயந்திரத்தைப் போட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணி. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியின் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் ஆய்வகம் இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் மிளகைச் சோதித்து அறிக்கை தருவது வேலை. இரண்டு மேசை, ஒரு தராசு, கண்ணாடிக் குடுவைகள், இரண்டு பேர். மாமிக்கு இது இருபத்தாறாவது வருடம். எனக்குப் பதினான்காவது மாதம்.

இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்து, "என்ன எழுதப்போறதில்ல மாமி?" என்று கேட்டேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னண்ட சொல்லலாம். நீதான் யார்கிட்டயும் வாயே தொறக்க மாட்டயே."

உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் பதினோரு நாள் மதியச் சாப்பாட்டை மாதிரி அறையில், அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி சாப்பிட்டேன். எங்கே உட்காரலாம் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் அங்கே ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. யார் போட்டது என்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

மாமி கைபேசியை நீட்டினார். திரையில் 'கதைத்தோணி' என்ற செயலி. காதல் நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றுவார்கள், லட்சம் பேர் படிப்பார்கள். 'ஏழாம் நம்பர் ஜெட்டி', எழுதுபவர்: காயல்கிளி.

"இந்தக் காயல்கிளி யாருன்னு தெரியுமோ?"

"தெரியாது மாமி."

"நானாக்கும்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு விஷயங்கள் ஒரே நொடியில் புரிந்தன. ஒன்று, அதற்கு முந்தைய மாலை நான் யாருடைய நாவலுக்கு மதிப்புரை எழுதி வெளியிட்டேன் என்பது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் இசக்கிசெல்வி. அப்பாவுக்கு எறணாகுளம் சந்தையில் வெங்காய வியாபாரம். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை நானாகவே கற்றேன், அம்மா ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த காதல் நாவல்களிலிருந்து. நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த தமிழ்ச் சொல் 'பரந்த மார்பு'. அடுத்தது 'ஏளனப் புன்னகை'. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மொழியில் வெகுதூரம் போகலாம் என்று பிறகு தெரிந்தது.

வேதியியலில் பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தபின், படித்த நாவல்களைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கினேன். பக்கத்தின் பெயர் 'மிளகு'. முகம் கிடையாது, ஊர் கிடையாது. உணர்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியாததால் எனக்குத் தெரிந்த படிவத்திலேயே எழுதினேன். மிளகுக்கு என்னென்ன பார்ப்போமோ அதெல்லாம் நாவலுக்கும். போன மாதம் இளையோர் நாவல் ஒன்று. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் மனநிலையை நான்கு பக்கத்துக்கு மூச்சு விடாமல் விளக்கினாள். எனக்கு இருபத்து நான்கு வயது. நான் இதுவரை நான்கு வரி விளக்கியதில்லை. 'கதாநாயகிக்குள் வயதான வக்கீல் ஒருவர் கலந்திருக்கிறார், சலித்து எடுக்கவும்' என்று எழுதினேன். இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

'ஏழாம் நம்பர் ஜெட்டி'க்கு நான் எழுதிய அறிக்கை இது:

மாதிரி: 39 அத்தியாயங்கள்.

லிட்டர் எடை: முதல் எட்டு அத்தியாயம் நல்ல கனம். ஒன்பதில் கேசவ் சட்டையில்லாமல் கண்டெய்னர் மேல் ஏறுகிறான். வல்லார்பாடம் துறைமுகத்தில் ஹெல்மெட் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

பொக்கு (பார்த்தால் மணி, நசுக்கினால் காற்று): 14 விழுக்காடு. கேசவின் நண்பர்கள் நால்வர். நால்வருக்கும் சேர்த்து ஒரே வசனம்: 'மச்சான், இது காதல்டா.'

அந்நியப் பொருள்: சுவிட்சர்லாந்து.

பூஞ்சை: கேசவின் அத்தை மகள். எல்லா நாவல்களிலும் இவள் இதே சிவப்புக் காரில் வருகிறாள்.

காரம்: போதுமானது. 22ஆம் அத்தியாயத்தைத் தனிப் பொட்டலமாகக் கட்டவும்.

ஈரப்பதம்:

அவ்வளவுதான். ஈரப்பதத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. கீழே, எல்லா மதிப்புரைகளுக்கும் போடும் ஒரு வரி: 'மூன்று முறை படித்ததன் சராசரி.'

"இதைப் பாரு," என்று மாமி அதையே எனக்குக் காட்டினார். பக்கத்தைத் திறக்கவில்லை, திரையைப் படம் பிடித்து யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். படம் ஈரப்பதத்தோடு முடிந்திருந்தது, கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தது. "ஆலுவா அனுன்னு ஒரு கொழந்தை. தெனமும் காலம்பற ஆறு பத்துக்கு கமெண்ட் போடும். அதுதான் அழுதுண்டே அனுப்பித்து. நான் அந்தத் துஷ்டனோட பக்கத்தைத் தொறக்க மாட்டேன். அவனுக்குப் பார்வைக் கணக்குல ஒண்ணு ஏத்தி விடவா?"

"ரொம்ப மோசமா எழுதியிருக்கான்ல மாமி," என்றேன். என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது.

"மோசமா? யாரு சொன்னா? அத்தை மக பூஞ்சைதான். எனக்கே தெரியும். சுவிட்சர்லாந்து சுத்தமா வேண்டாத்தது. நான் மூணாறுக்கு அந்தாண்ட போனதில்ல, அங்க குளிருமோன்னு கூடத் தெரியாது."

"பின்ன என்ன மாமி வருத்தம்?"

மாமி திரையில் விரலை வைத்துத் தட்டினார். நகத்தில் மிளகுப்பொடி இருந்தது. "ஈரப்பதம் எங்கே?"

நான் தராசைத் துடைக்கத் தொடங்கினேன்.

"பூஜ்யம்னா பூஜ்யம்னு போடட்டும். ஒருத்தர் கண்ணுலயும் ஒரு சொட்டு வரலைன்னா வரலைன்னு எழுதட்டும். எழுதாம விட்டா என்ன அர்த்தம்? டெஸ்ட் பண்ணவே லாயக்கில்லேன்னா? இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருக்கேனா? விட்டா காரணம் எழுதணும், பக்கத்துல ஒப்புப் போடணும். இல்லேன்னா அது ரிப்போர்ட்டே இல்ல."

எங்கள் ஆய்வகத்தின் சட்டம் அது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, மாமியின் கையெழுத்தில்.

"நூறு பேர் சூப்பர்னு சொன்னா, கேட்டயா. சூப்பர்மா, செமமா, அடுத்த எபி எப்போமா. ஒருத்தன்தான் எடை போட்டுப் பார்த்தான். அந்த ஒருத்தன் இந்த ஒரு கட்டத்தை விட்டுட்டான். ஈரமே இல்லாத ஒரு காதல் கதைக்கு நாப்பதாவது அத்தியாயம் எதுக்கு?"

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நாற்பது அத்தியாயமும் ஏறியிருக்க வேண்டும். முதல் பத்து நாவல்களை அச்சிட்டுப் புத்தகமாகப் போடுவார்கள். முப்பத்தொன்பதோடு நின்றால் போட்டியிலேயே கிடையாது. முப்பத்தொன்பதின் கடைசியில் கதாநாயகி ஸ்நேஹா ஏழாம் நம்பர் ஜெட்டியில் நிற்கிறாள். கேசவ் படகில் நிற்கிறான். கயிற்றை அவிழ்க்கிறார்கள். அவள் 'நில்லுங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளோ கூட்டத்தில் வாயைத் திறக்காதவள்.

"சொல்லுவாளா மாமி?" என்று கேட்டேன். இதை மதிப்புரைக்காரியாகக் கேட்கவில்லை. மூன்று முறை படித்தவளாகக் கேட்டேன்.

"எனக்கே தெரியலை. நேத்திக்குவரை தெரிஞ்சுது. இப்போ தெரியலை."

அன்று மதியம் வயநாட்டு மிளகு ஒன்றுக்கு நான் ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். விதிப்படி இரண்டு முறை பார்த்தால் போதும். நான் மூன்றாம் முறைக்குக் குடுவையை எடுத்தேன்.

"ரெண்டு போறும்னு உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?" என்றார் மாமி, திரும்பிப் பார்க்காமலே. "ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா விடேன்."

"ஒத்துப்போனாத்தான் மாமி சந்தேகமா இருக்கு."

கட்டத்தை ஏன் காலியாக விட்டேன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் நான்தான் மிளகு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் வாயைத் திறக்க வேண்டும். மூன்றும் அன்று நடக்கவில்லை.

எழுதுவது எனக்கு எளிது. ஆகவே வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டத்தில் ஒரு குறிப்பு சேர்த்தேன். ஆய்வகங்களில் வழக்கமாக எழுதும் மரியாதையான காரணம்தான்: 'ஈரப்பதம்: மாதிரி போதாது.'

வியாழன் காலை நான் உள்ளே நுழையும்போதே மாமி நின்றுகொண்டிருந்தார்.

"போதாதாம்! முப்பத்தொம்பது அத்தியாயம் போதாதாம்! ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வார்த்தை! இன்னும் எத்தனை சாக்கு வேணுமாம் அவனுக்கு?"

ஆலுவா அனு அதையும் படம் பிடித்து அனுப்பிவிட்டது.

"செல்வி, நான் ராத்திரி முழுக்க யோசிச்சேன். லிட்டர் எடை. பொக்கு. மாதிரி போதாது. இப்படிப் பேசறவன் மிளகுக்காரன். தமிழ் படிக்கத் தெரிஞ்ச மிளகுக்காரன், வல்லார்பாடம் கேட்டு வரைக்கும் தெரிஞ்சவன். மட்டாஞ்சேரியில அப்படி எத்தனை பேர் இருப்பா?"

நான் பையை மேசைக்கடியில் வைக்கக் குனிந்தேன்.

"எனக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் மாமி. கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "சங்கர்ராம்."

சங்கர்ராம் சார் எங்கள் கிடங்கு மேலாளர். ஐம்பத்தேழு வயது. பெரிய மீசை. பாலக்காட்டிலிருந்து வந்து ஆலுவாவில் வீடு கட்டியவர். அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, சரக்கு வண்டி ஒன்று தவறான கிடங்குக்குப் போய்த் திரும்பி வந்தபோது.

"அவர் காதல் கதையெல்லாம் படிப்பாரா மாமி?"

"அதான் நன்னாக் குறை சொல்லத் தெரிஞ்சிருக்கே. நீ ஒரு காரியம் பண்ணு. ரிப்போர்ட் கொடுக்கற மாதிரி போயி, அவர் ஃபோன்ல என்ன பாக்கறார்னு பாத்துண்டு வா. நீ போனா யாருக்கும் சந்தேகம் வராது. நீ போனதே யாருக்கும் தெரியாது."

போனேன். அறிக்கையோடு கதவருகே நின்றேன். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கைபேசியை மூக்கருகே வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். நான் இருமினேன். அவர் திடுக்கிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கோப்பை வைத்து, கோப்பின் மேல் கையையும் வைத்தார்.

"என்ன?"

அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமியிடம் பார்த்ததைச் சொன்னேன். கைபேசியைக் கவிழ்த்தார், கோப்பை வைத்தார், கையை வைத்தார். ஒரு சொல்லும் பொய் இல்லை. நல்ல மணியை மட்டும் மேலே வைத்துச் சாக்கு கட்டுகிறவர்களும் பொய் சொல்வதில்லை.

"பாத்தயா!" என்றார் மாமி.

அன்று சங்கர்ராம் சார் மேலே வந்தபோது மாமி அவரை மிஸ்டர் மேனேஜர் என்று கூப்பிட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாம். அவர் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

வெள்ளி மதியம் ஒரு மணி. இருபத்தெட்டு மணி நேரம் பாக்கி. நான் மாமியிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். 'மாமி, ஒரு விஷயம்.' அது நன்றாக வந்திருந்தது. அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.

கீழே கிடங்கில் புதுச் சரக்கு இறங்கியிருந்தது. யூசுப் இக்கா குத்தூசியைச் சாக்குக்குள் செருகி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். சங்கர்ராம் சார் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். மாமி படியிறங்கிப் போனார். நான் பின்னால் போனேன்.

"ஓய் சங்கர்ராம்," என்றார் மாமி. "நேரா கேக்கறேன். மிளகு நீர்தானே?"

சார் எண்ணிக்கையை விட்டுவிட்டார். "என்ன?"

"கேசவ் ஹெல்மெட் போடலைன்னு எழுதினது நீர்தானே?"

"எந்த கேசவ்?" என்றார் யூசுப் இக்கா. "லோடிங் கான்ட்ராக்டரா?"

சங்கர்ராம் சாரின் மீசை ஒரு முறை ஏறி இறங்கியது. "அம்மிணி, நீ... அந்தக் கதையெல்லாம் நீ படிக்கறயா?"

"நான் எழுதறேன்."

குத்தூசி வழியாக மிளகு சிந்துவது மட்டும் கேட்டது.

"நீயா?" என்றார் சார். "நீயா காயல்கிளி? இருபத்தாறு வருஷமா மாடியில உக்காந்துண்டு... நீயா?"

"பேச்சை மாத்தாதீர். ஈரப்பதம் ஏன் போடலை?"

"நானா மிளகு?" சாருக்குக் குரல் உடைந்தது. "நான் அவனோட மூணு நாளா சண்டை போட்டுண்டிருக்கேன்! அவன் என்னை ஒரு தடவை பிளாக் பண்ணினான், தெரியுமோ? நான் வேற பேர்ல வந்து திட்டினேன்!"

உண்மை. நான் பிளாக் செய்திருந்தேன்.

"என்ன பேர்ல?" என்றார் மாமி.

சார் சாக்குகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அனு," என்றார்.

"எந்த அனு?"

"ஆலுவா."

மாமி பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தார். நானும் உட்கார இடம் தேடினேன்.

ஆலுவா அனுவை எனக்கும் நன்றாகத் தெரியும். 'அக்கா, கேசவ் அத்தானை அழ வெச்சிடாதீங்க, நான் தாங்க மாட்டேன்.' 'அக்கா, நேத்து எபி படிச்சிட்டு டிபனே சாப்பிடலை.' ஒவ்வொன்றின் கீழும் ஏழு இதயங்கள்.

"அத்தானா?" என்றார் மாமி மெதுவாக.

"சின்னப் பொண்ணு மாதிரி எழுதினாத்தான் பதில் போடறே," என்றார் சார். "முதல்ல என் சொந்தப் பேர்ல எழுதினேன். நாலு கமெண்ட். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"ஆம்பளை பேர்ல வந்தா பயமா இருக்காதா ஓய்?"

யூசுப் இக்கா குத்தூசியைச் சாக்கில் அப்படியே விட்டுவிட்டு வந்தார். "சாரே, நான் ஒரு காரியம் கேக்கட்டா? அப்படி என்னதான் கதை?"

சங்கர்ராம் சார் சொன்னார். நின்றுகொண்டே அரை மணி நேரம் சொன்னார். நான் பதினான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து கேட்ட சொற்களைவிட அது அதிகம். கேசவின் நான்கு நண்பர்களையும் நான்கு குரலில் செய்து காட்டினார். சுவிட்சர்லாந்தைச் சுருக்கிவிட்டார். பதினேழாம் அத்தியாயம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணு புது ஆபீஸ்ல சேந்திருக்கா. யார்கிட்டயும் பேச மாட்டா. ஸ்டோர் ரூம்ல நின்னுண்டே சாப்பிடறா. பதினோரு நாள். ஒருத்தன் பாக்கறான், ஒண்ணும் சொல்லலை. கூப்பிடலை, கேலி பண்ணலை. பன்னெண்டாம் நாள் அவ வரா, அங்க ஒரு நாற்காலி இருக்கு. அவ்வளவுதான் யூசுப். வேற ஒண்ணும் நடக்கலை அந்த அத்தியாயத்துல. நான் மெட்ரோவுல இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுட்டேன்."

"படச்சோனே," என்றார் யூசுப் இக்கா.

மாமி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர் பாடுபடுவது முதுகில் தெரிந்தது.

"அப்பறம் அந்தப் பெண்ணு போட்டுல கேறுமா கேறாதா?" என்றார் யூசுப் இக்கா.

"அதை எழுதமாட்டேன்னு உக்காந்திருக்கா," என்றார் சார்.

"என்னத்துக்கு?"

"ஒரு கட்டம் காலியாம்."

யூசுப் இக்கா யோசித்தார். முப்பது வருடம் மாதிரி எடுத்தவர். "அது சரிதானே," என்றார். "காரணம் எழுதாம எப்படி விட்டான்?"

எனக்கு ஆதரவாக அந்தக் கிடங்கில் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். இரண்டு மணிக்கு எல்லாரும் கிளம்ப வேண்டும். இரண்டேகாலுக்கும் யாரும் கிளம்பவில்லை. யூசுப் இக்கா நான்கு சாயா வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். பதினான்கு மாதத்தில் அவர் மாடி ஏறியது அதுதான் முதல் தடவை. சங்கர்ராம் சார் அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் சாக்கில் வந்து மாமியின் எதிரே உட்கார்ந்தார். மாமி குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய குடுவைகள்.

"ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு அம்மிணி," என்றார் சார்.

"எனக்கும் கடியாரம் பாக்கத் தெரியும்."

"எழுத எவ்வளவு நேரம் ஆகும் சேச்சி?" என்றார் யூசுப் இக்கா.

"தெரிஞ்சா ரெண்டு மணி நேரம். அவ வாயைத் தொறப்பாளா மாட்டாளான்னு தெரியணுமே. தெரியாம எழுதினா அந்த அத்தியாயமும் பொக்குதான்."

"அந்தக் கழுதை, ஹிமாறு, என்னதான் எழுதியிருக்கான்? வாசிங்க சாரே, நானும் கேக்கட்டும்."

சார் கைபேசியை எடுத்து என் பக்கத்தைத் திறந்தார். நான் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கணீரென்று வாசித்தார். லிட்டர் எடை வாசித்தார். பொக்கு வாசித்தார். நான்கு நண்பர்கள் வந்த இடத்தில் யூசுப் இக்கா சிரித்துவிட்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். சுவிட்சர்லாந்து, பூஞ்சை, காரம். "ஈரப்பதம், மாதிரி போதாது," என்றார் சார். பிறகு ஒரே மூச்சில், "மூன்று முறை படித்ததன் சராசரி. அவ்வளவுதான்," என்றார்.

மாமியின் கையிலிருந்த குடுவையில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"கடைசி வரி இன்னொரு தடவை," என்றார்.

"மூன்று முறை படித்ததன் சராசரி."

மாமி குழாயை மூடினார். குடுவையைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். என் மேசையிலிருந்த வயநாட்டு மிளகின் அறிக்கையை எடுத்தார். அதில் ஈரப்பதத்துக்கு எதிரே என் கையெழுத்தில் மூன்று எண்கள் இருந்தன, அவற்றின் சராசரியும் இருந்தது. மட்டாஞ்சேரி முழுக்க இரண்டு எண்கள்தான் எழுதுவார்கள்.

"செல்வி."

எழுந்து நின்றேன்.

"மூணு முறையா?"

தலையசைத்தேன்.

"சுவிட்சர்லாந்தையும் சேத்தா?"

தலையசைத்தேன்.

சங்கர்ராம் சார் என்னைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீயா என்னை பிளாக் பண்ணினது?" என்றார்.

"சாரி சார்," என்று சொல்ல முயன்றேன். 'சா' வரைக்கும் வந்தது.

"அவளை விடும்," என்றார் மாமி. அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவை அதன் மேல் வைத்தார். "கட்டத்தைக் காலியா விட்டா என்ன பண்ணணும்?"

"காரணம் எழுதணும்."

"எழுது. இந்தப் போதாது கீதாதெல்லாம் வேண்டாம். நெஜமான காரணம்."

எழுதுவது எனக்கு எளிது என்று சொன்னேன். உட்கார்ந்து, ஈரப்பதம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'சோதனையின்போது மாதிரியில் ஆய்வாளரின் ஈரம் கலந்துவிட்டதால் அளவு செல்லாது.' பக்கத்தில் கையெழுத்திட்டேன். திருப்பி நீட்டினேன்.

மாமி படித்தார். சார் எட்டிப் படித்தார். யூசுப் இக்காவுக்குத் தமிழ் வாசிக்க வராது. சார் அவர் காதில் சொன்னார்.

"அப்படின்னா?" என்றார் யூசுப் இக்கா. "கை நனைஞ்சிருந்ததா?"

"இது ரிப்போர்ட் பாஷை," என்றார் மாமி. படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். "எங்க ஸ்நேஹா ஜெட்டியில பேப்பர்ல எழுதியா காட்டுவா? போட்டு போயிடும். வாயைத் தொறந்து சொல்லு."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தெட்டு. நான் எழுந்தேன். எழுந்தது எதற்கு என்று தெரியவில்லை. மாதிரி அறையின் கதவு திறந்திருந்தது. அலமாரிகளுக்கு நடுவே அந்த நீல ஸ்டூல் தெரிந்தது. பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த இன்னொன்று இதுதான்: அதைப் போட்டது யார் என்பது. நான் அதைப் பார்ப்பதை மாமி பார்த்தார். இந்த முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

'மாமி, ஒரு விஷயம்' என்ற வாக்கியம் எங்கோ போய்விட்டது. வேறு எதுவும் தயாராக இல்லை.

"எந்த அத்தியாயம்?" என்றார் மாமி. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"பதினேழு."

"பதினேழுல என்ன?"

யூசுப் இக்கா சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். சங்கர்ராம் சார் மறுபடி கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"அழுதேன் மாமி," என்றேன். "மூணு தடவையும்."